கமகுராவில் ஒரு கல்

டோக்கியோ மாநகரைப் பார்க்கச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் அந்த நகரத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். வானுயர்ந்த கட்டடங்கள், இரவைப் பகலாக்கும் விளம்பர விளக்குகள், நிமிடம் தவறாத புகையிரதங்கள் ஆகியவற்றைக் கண்டு வியந்து, நான்கைந்து நாட்களில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், அந்த நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில், ஒரு மணிநேரப் புகையிரதப் பயணத்தில், முற்றிலும் வேறொரு ஜப்பான் இருக்கிறது. சகாமி விரிகுடாவை ஒட்டிய அந்தக் கரையோரப் பிரதேசத்தை ஷோனான் என்று அழைக்கிறார்கள். கமகுரா என்னும் பழம்பெரும் நகரும் எனோஷிமா என்னும் சிறு தீவும் அந்தக் கரையிலேயே உள்ளன.

இலங்கைத் தமிழர் ஒருவர் அவசியம் பார்க்க வேண்டிய ஒரு கல்லும் அங்கே இருக்கிறது. அந்தக் கல்லைப் பற்றி எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எனினும், அதனிடம் போய்ச் சேரும் வழியில் கண்டவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

என்னை அழைத்துச் சென்றவர் யொகோஹாமாவில் கணினித்துறையில் பணியாற்றும் ஓர் இளைஞர். என் நெடுநாளைய நண்பரின் மகன். பல்கலைக்கழகப் படிப்புக்காக ஜப்பான் சென்று அங்கேயே தங்கிவிட்டவர். ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசுவார். யொகோஹாமாவிலிருந்து ஃபுஜிசவா என்னும் நிலையத்துக்கு இருபது நிமிடங்களில் வந்து சேர்ந்தோம். அங்கிருந்துதான் எனோடென் என்று அழைக்கப்படும் சிறிய மின்சாரப் புகையிரதம் புறப்படுகிறது.

எனோடென் பாதையின் முதற்பகுதி 1902ஆம் ஆண்டிலும் முழுப்பாதை 1910ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. மொத்த நீளம் 10 கிலோமீற்றர் மட்டுமே. அதற்குள் பதினைந்து நிலையங்கள். நமது கரையோரப் புகையிரதம் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலை ஒட்டி ஓடுவதை அறிந்தவர்களுக்கு அந்தப் பயணம் அந்நியமாகத் தோன்றாது. ஓரிடத்தில் கடலோரமாக ஓடுகிறது. இன்னோரிடத்தில் வீடுகளின் பின்புறச் சுவர்களை உரசுவதுபோலச் செல்கிறது. கொடியில் காயும் துணிகளையும் யன்னலோரத்துப் பூச்சாடிகளையும் கைநீட்டித் தொட்டுவிடலாம் போலிருந்தது. வேறோரிடத்தில் வண்டி வீதியின் நடுவே இறங்கி, மோட்டார் கார்களுடன் சேர்ந்து மெல்ல நகர்கிறது.

முதலில் நாங்கள் இறங்கியது எனோஷிமாவில். கரையையும் தீவையும் ஒரு பாலம் இணைக்கிறது. நான் சென்றது கார்த்திகை மாதம். நம் ஊரில் மழை கொட்டும் காலம். அங்கோ வானம் துடைத்துவைத்தாற்போல் தெளிந்திருந்தது. பாலத்தில் நடக்கையில் மேற்கே பார்க்குமாறு இளைஞர் சொன்னார். கடலுக்கு அப்பால் வெண்முடி தரித்த ஃபுஜி மலை நின்றது. படங்களில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆயினும் நேரில் கண்டபோது சற்றுநேரம் பேச்சு எழவில்லை.

எனோஷிமாவின் அதிதெய்வம் பென்சைத்தென். அந்தப் பெண் தெய்வத்தைத் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அவர் நமது சரஸ்வதியேதான். பாரதத்திலிருந்து பௌத்த நூல்களின் வழியாகச் சீனத்துக்குச் சென்று, அங்கிருந்து ஜப்பானை அடைந்து, ஜப்பானியப் பெயர் பெற்றுக்கொண்டார். கையிலிருந்த வீணை, பீவா என்னும் ஜப்பானிய நரம்பு வாத்தியமாக மாறியது. வேதகாலத்தில் சரஸ்வதி என்பது ஒரு நதியின் பெயருமாகும். அந்த நீர்த்தொடர்பு இன்றும் அறுந்துவிடவில்லை. ஜப்பானில் பென்சைத்தென் ஆலயங்கள் பெரும்பாலும் கடலோரத்திலும் குளக்கரையிலுமே அமைந்திருக்கின்றன. அங்கு அவரை அதிர்ஷ்டம் தரும் ஏழு தெய்வங்களுள் ஒருவராகவும் எண்ணி வணங்குகிறார்கள்.

தீவின் எண்கோண மண்டபம் ஒன்றில் இரண்டு பென்சைத்தென் சிலைகள் உள்ளன. ஒன்று எட்டுக் கரங்களில் ஆயுதங்கள் ஏந்திய கோலம். மற்றது வாத்தியம் மீட்டும் கோலம். கலைகளை வேண்டுவோர் இரண்டாவதையும், வெற்றியை வேண்டுவோர் முதலாவதையும் வணங்குவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நவராத்திரியின் ஒன்பதாம் நாளில் ஏடும் எழுத்தாணியும் வைத்து வழிபட்ட மரபில் வந்தவனுக்கு, ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அதே தெய்வத்தைக் கண்டு கைகூப்புவது இயல்பாகவே வந்தது. இளைஞரும் கூப்பினார்.

மதிய உணவு தீவிலேயே. சிராசு என்பது அந்தக் கரையோரத்தின் தனிச்சிறப்பான உணவு. நம்மூர் நெத்தலி போன்ற மீன்களின் குஞ்சுகளை அவித்து, சுடுசோற்றின் மேல் பரப்பித் தருகிறார்கள். உறைப்பு இல்லாத குறை எனக்கு இருந்தது. ஆனால், கடலிலிருந்து அன்றே வந்த சுவை அதனை ஈடுசெய்தது. வெளியே, கையில் உணவுடன் நடப்போரைப் பருந்துகள் தாக்கும் என எச்சரிக்கும் பலகைகள் இருந்தன. எச்சரிக்கை வீண்போகவில்லை. எங்கள் கண்முன்னே ஒரு சிறுமியின் பணிஸ் துண்டைப் பருந்தொன்று பறித்துச் சென்றது.

பிற்பகலில் மீண்டும் எனோடென் ஏறிக் கமகுராவை நோக்கிச் சென்றோம். கமகுரா சாதாரண நகரமன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மினமோத்தோ யொரித்தோமோ என்னும் தளபதி தனது ஆட்சிபீடத்தை அங்கே நிறுவினார். 1192இல் அவர் ஷோகுன் பட்டம் பெற்றார். பேரரசர் கியோத்தோவில் இருக்க, நாட்டை ஆளும் வாள் கமகுராவில் இருந்தது. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்னும் இயற்கை அரணே அவரை அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. 1333இல் அந்த அரசு வீழ்ந்தபோது எதிரிப்படை அந்தக் கடற்கரை வழியாகவே உட்புகுந்தது. அரண் என்று நம்பிய கடலே வாயிலாகவும் ஆயிற்று.

கடல் அந்த ஊருக்குச் செய்த கொடுமை அதோடு முடியவில்லை. 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி நண்பகலுக்கு இரண்டு நிமிடங்கள் இருக்கையில் நிகழ்ந்த பெரும் பூகம்பம் டோக்கியோவையும் யொகோஹாமாவையும் தரைமட்டமாக்கியது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அதன் மையம் சகாமி விரிகுடாப் பகுதியிலேயே இருந்தமையால் சில நிமிடங்களுக்குள் இந்தக் கரையைச் சுனாமி தாக்கியது. இன்று கமகுராவின் வீதிகளில் மின்கம்பங்கள்தோறும், அவ்விடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் உள்ளது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஓடிச் சென்று ஏற வேண்டிய மேட்டுநிலம் எந்தத் திசையில் உள்ளது என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை நமது மக்கள் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஒரே காலைப்பொழுதில் கற்றுக்கொண்டார்கள். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்ற சொல் அது. ஆகவே அந்தப் பலகைகளை வெறும் சுற்றுலாப் பயணியின் கண்கொண்டு என்னால் வாசிக்க முடியவில்லை.

ஹசே நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடங்கள் நடந்தால் கோத்தோகு-இன் ஆலயம் வருகிறது. கமகுராவின் பெரிய புத்தர் அமர்ந்திருப்பது அங்கேதான்.

வெண்கலத்தினாலான அந்தச் சிலையை வார்க்கும் வேலை 1252ஆம் ஆண்டு தொடங்கியதாக வரலாற்றேடு கூறுகிறது. சிலையின் உயரம் 11 மீற்றருக்கும் அதிகம். எடை 121 தொன். நமது நாட்டு விகாரைகளில் நாம் காணும் கௌதம புத்தர் அல்லர் இவர். மகாயான மரபின் அமிதாப புத்தர். தொடக்கத்தில் சிலையைச் சுற்றி ஒரு பெரிய மண்டபம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் வீசிய புயல்கள் அதனைச் சாய்த்தன. எஞ்சியதைக் கடல் கொண்டுபோயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எவ்வாறாயினும், 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புத்தர் வெட்டவெளியிலேயே அமர்ந்திருக்கிறார். மறுபடி கூரை போடப்படவில்லை. மழையும் வெயிலும் கடற்காற்றும் பட்டுப் பட்டு வெண்கலம் பச்சை நிறம் பூண்டுவிட்டது. 1960ஆம் ஆண்டளவில் செய்த திருத்தவேலையின்போது கழுத்துப் பகுதியை உள்ளிருந்து பலப்படுத்தியதோடு, பெரும் பூகம்பம் வந்தால் சிலை பீடத்தின் மேல் சற்று நகர்ந்து கொடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

கூரையற்ற அந்தப் புத்தரின் அமைதியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் மேலும் எழுதப் போவதில்லை. அதே வளாகத்தில், மரங்களின் அருகே, பெரும்பாலான பயணிகள் கவனியாமல் கடந்துசெல்லும் அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

அது இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவை நினைவுகூர்ந்து, ஜப்பானிய நலன்விரும்பிகளால் 1991ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நினைவுக்கல். பகையைப் பற்றிப் புத்தர் சொன்ன, உலகறிந்த போதனை அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பகை மேலும் பகையினால் தீராது, அன்பினாலேயே தீரும் என்பது அதன் சாரம். கீழே ஜே.ஆரின் கையொப்பம். இந்தியத் தத்துவத்தில் பெரும்புலமை பெற்ற ஜப்பானிய அறிஞர் நக்கமுரா ஹஜிமே எழுதிய விளக்கமும் உண்டு.

இதன் பின்னணியை இளைய வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பானுடன் சமாதான ஒப்பந்தம் செய்வதற்காக 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு கூடியது. இலங்கையின் பிரதிநிதியாகச் சென்றவர் அப்போது நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். செப்டெம்பர் 6ஆம் திகதி அவர் உரையாற்றினார். ஜப்பான் சுதந்திர நாடாக மீள வேண்டும் என்று வாதாடினார். அதன் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த சோவியத் தரப்பு முன்வைத்த திருத்தங்களை எதிர்த்தார். விமானத் தாக்குதல்களாலும், இலங்கையில் பெரும்படைகள் நிலைகொண்டிருந்தமையாலும், இறப்பர் மரங்களை அளவுக்கு மிஞ்சிப் பால்வெட்டியமையாலும் ஏற்பட்ட சேதங்களுக்கு நட்டஈடு கேட்கும் உரிமை இலங்கைக்கு உண்டு என்றும், ஆயினும் இலங்கை அதனைக் கேட்கப் போவதில்லை என்றும் அறிவித்தார். அப்போதுதான் புத்தரின் அந்தப் போதனையை எடுத்துரைத்தார்.

தோல்வியில் துவண்டிருந்த ஜப்பானியருக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அவர்கள் அதனை மறக்கவில்லை. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி தொலைக்காட்சியும், ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையும் ஜப்பானின் உதவியால் அமைந்தவை. ஜே.ஆரும் ஜப்பானை மறக்கவில்லை. 1996இல் அவர் காலமானபோது, அவரது விருப்பப்படி ஒரு கண்ணின் விழிவெண்படலம் ஜப்பானியர் ஒருவருக்கென அனுப்பிவைக்கப்பட்டது.

இளைஞர் கல்லிலிருந்த ஜப்பானிய எழுத்துகளை மெல்ல வாசித்து, எனக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். கையொப்பத்தைக் கண்டதும் நிறுத்தினார்.

"மாமா, எண்பத்தி மூண்டில ஜனாதிபதியா இருந்தவர் இவர்தானே?"

"ஓம் தம்பி, அவர்தான்."

"அப்ப எப்பிடி மாமா இந்த வசனத்துக்குக் கீழ அவற்ற பேர்?"

அந்தக் கல் நாட்டப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளை. 1983ஐப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவர். உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

வரலாற்றை உள்ளபடி சொல்வோம். 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் சுமார் 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது நாட்டின் ஜனாதிபதி அவரே. அதே நாட்களில் ஈழநாடு நாளிதழின் பணிமனையும் எரிந்தது. பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்த எவராலும் அதனை மறக்க இயலாது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டு, வீடுகளும் கடைகளும் தீக்கிரையாக்கப்பட்டபோதும் ஜனாதிபதி அவரே. வன்முறை தொடங்கி நாட்கள் கழிந்து, ஜூலை 28ஆம் திகதி அவர் நாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சியில் உரையாற்றினார். சிங்கள மக்களின் உணர்வுகளைப் பற்றிப் பேசினார். வீடிழந்து முகாம்களில் இருந்த தமிழருக்கு அனுதாபமாக ஒரு சொல் அந்த உரையில் இருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அவர் காட்டிய அன்புக்கு ஜப்பானியர் செய்த கைம்மாறான ரூபவாஹினிதான் அந்த உரையையும் சுமந்து சென்றது.

அந்நியனுக்கு வழங்கிய அன்பை அயலவனுக்கு ஏன் வழங்கவில்லை என்பது இளைஞரின் கேள்வியின் உட்பொருள். அரசியல்வாதிகளின் இரட்டை வேடம் என்று சொல்லி அதனை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால், அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு.

1951இல் இலங்கை துறந்தது நட்டஈட்டை. ஒரு நாட்டின் சார்பில் நட்டஈட்டைத் துறக்க ஓர் அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. மன்னிப்பு அப்படியன்று. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் இறந்தோரின் உறவினர்களிடம் எவரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, சயாம் - பர்மா மரண ரயில் பாதையில் பட்டினியாலும் வாந்திபேதியாலும் அடியுதையாலும் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களின் சார்பில் அந்த மாநாட்டில் பேச ஒருவரும் இருக்கவில்லை. சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் சொல்கிறார்கள். மன்னிக்கும் உரிமை பட்டவருக்கே உரியது. பிறர் அதனை அவருக்காகச் செய்துவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. அந்த உரையை மேற்கோள் காட்டும் நம் நாட்டு அரசியல்வாதிகள் எவரும் அதனைச் சொல்வதில்லை. ஜே.ஆர். பேசிய அந்த மாநாட்டில் நிறைவேறிய ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவின்படி, போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேச இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்புகளை ஜப்பான் ஏற்றுக்கொண்டது. 14ஆம் பிரிவின்படி, தான் விளைவித்த சேதத்துக்கு நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதையும் ஏற்றுக்கொண்டது. அந்த நீதிமன்றத்தின் நியாயங்கள் பற்றி ஜப்பானியரிடையேயும் வெளியேயும் வாதங்கள் உண்டு. அவை இருக்கட்டும். அன்பினால் பகை தீரும் என்ற சொல் அந்த மேடையில் எடுபட்டதற்கு ஒரு காரணம், தீர்ப்பை ஏற்றுக் கையொப்பமிடத் தயாராக ஜப்பான் எதிரே அமர்ந்திருந்தமைதான். நடந்தது நடக்கவில்லை என்று சாதிக்கும் ஒருவரை நோக்கி அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

நம் நாட்டிலோ வரிசை தலைகீழாகிவிட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர் நல்லிணக்கம் என்ற சொல்லை நாம் கேட்காத நாளில்லை. மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் சொல்லப்படுகிறது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலைத்தான் அந்தத் தாய் கேட்கிறாள். பதில் வந்த பிறகு மன்னிப்பதா இல்லையா என்பதை அவளே தீர்மானிப்பாள். அவளுக்கு முன்பாக வேறெவரும் தீர்மானிக்க முடியாது.

இவற்றையெல்லாம் நான் அந்த இடத்தில் வைத்தே இளைஞருக்குச் சொன்னேன் என்றில்லை. புத்தருக்கு எதிரே இருந்த கல்லிருக்கையில் அமர்ந்து பாதியைச் சொன்னேன். திரும்பும் புகையிரதத்தில் மீதியைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப அந்தக் கல்லில இருக்கிறது பொய்யோ மாமா?" என்றார்.

"பொய்யில்லைத் தம்பி. சொன்னவர் ஆரெண்டாலும் அது உண்மைதான். ஆனா அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி ஒப்பந்தத்தில இருக்கு" என்றேன்.

ஜப்பானியரின் நன்றியுணர்வை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய தீவிலிருந்து வந்த ஒருவர் பேசிய வார்த்தையைக் கல்லில் வெட்டிக் காப்பாற்றும் சமூகம் மதிப்புக்குரியது. நாங்கள் அங்கே நின்றிருந்த அரைமணி நேரத்தில் வயதான ஜப்பானியத் தம்பதியர் வந்தனர். கல்லை முழுவதும் வாசித்தனர். இருவரும் இடுப்பு வளைய வணங்கிவிட்டுச் சென்றனர். அவர்கள் வணங்கியது, போரில் தோற்ற தம் பெற்றோருக்குக் கிடைத்த ஒரு நல்ல சொல்லையாக இருக்க வேண்டும். அவர்களுக்கு அது போதும். அதில் பிழையொன்றுமில்லை.

நான் வணங்கவில்லை. இளைஞரும் வணங்கவில்லை. எனினும் அந்தக் கல்லை முழுமையாக வாசித்தோம். கல்லடியில் விழுந்து கிடந்த மஞ்சள் இலைகள் இரண்டை இளைஞர் குனிந்து எடுத்து அப்பால் போட்டார்.

டோக்கியோவுக்குச் செல்லும் நம்மவர்கள் ஒருநாளை ஒதுக்கி இந்தக் கரையோரத்துக்குச் சென்றுவர வேண்டும். ஃபுஜியையும், சரஸ்வதியையும், கூரையில்லாத புத்தரையும் பாருங்கள். பிறகு அந்தக் கல்லிடமும் போங்கள். வணங்குவதும் வணங்காததும் உங்கள் விருப்பம். ஆனால், ஊர் திரும்பியதும் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவையும் ஒருதடவை எடுத்து வாசித்துவிடுங்கள். மிகச் சிறிய பிரிவுதான். ஐந்து நிமிடங்கூட ஆகாது.